எடைத்தட்டு காட்டாத கடல்

1960ஆம் ஆண்டு தாய்லாந்தின் கடல்மீன் பிடிப்பு 2 லட்சம் டன்னுக்கும் குறைவு. 1970இல் அது 10 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. இடையில் தாய்லாந்து வளைகுடாவின் சேற்றுத்தரைக்கு ஏற்ற இழுவைமடி ஜெர்மன் தொழில்நுட்ப உதவியோடு வந்து சேர்ந்திருந்தது. படகுகள் ஆண்டுதோறும் பெருகின. புள்ளிவிவர ஏட்டில் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

அதே கடலில், அதே ஆண்டுகளில், அந்நாட்டு மீன்வளத் துறையின் ஆய்வுக் கப்பல் வேறொரு கணக்கை எழுதிவந்தது. வலையை ஒரு மணி நேரம் இழுத்தால் எவ்வளவு மீன் ஏறுகிறது என்பதே அந்தக் கணக்கு. 1961இல் ஏறத்தாழ 300 கிலோ ஏறியது. 1970களின் தொடக்கத்தில் அதில் கால்பங்குகூட ஏறவில்லை. 1990களில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நின்றது. கரையில் எடை கூடக் கூட, கடலில் மீன் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கூடுதல் படகு, கூடுதல் நேரம், கூடுதல் டீசல், சிறிய கண்ணி ஆகியவற்றால்தான் மொத்த எடை உயர்ந்தது. இரண்டு கணக்குகளும் உண்மையானவை. ஆனால் அமைச்சரின் மேசைக்கு முதலில் போவதும், வளர்ச்சி என்று அறிவிக்கப்படுவதும் எப்போதும் எடைக் கணக்குதான்.

வெப்பமண்டலக் கடல்களின் மீன்வளம் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கும்போது எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: கரையில் இறங்கும் எடையை வைத்துக் கடலின் நலத்தை அறியவே முடியாது. எந்த மீன், எவ்வளவு நீளம், எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு மீன், கடலடித் தரையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பாக் விரிகுடாவுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

தாய்லாந்தில் குறைந்தது அளவு மட்டுமல்ல, மீனின் வகையும் மாறிப்போனது. திருக்கை, சுறா போன்ற மெதுவாக வளர்ந்து குறைவாகக் குட்டி போடுபவை முதலில் மறைந்தன. காரலும் சுதும்பும் சரிந்தன. கணவாய் பெருகியது. ஓராண்டுக்குள் வளர்ந்து முட்டையிட்டு வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் உயிர்களுக்கு அவற்றைத் தின்னும் பெரிய மீன் இல்லாமற்போனது ஆதாயம். இறாலுக்கும் கணவாய்க்கும் ஏற்றுமதி விலை உண்டு. அதனால் சந்தைக்கு இழப்பே தெரியவில்லை. பெரிய மீன்கள் காலியான கடல் சில பத்தாண்டுகள் வரை நல்ல வருமானம் தந்துகொண்டிருக்க முடியும். வெப்பமண்டல மீன்பிடிப்பில் எச்சரிக்கை மணி தாமதமாக அடிப்பதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த மாற்றங்களை உரிய முறையில் விளக்கியவர்களில் டேனியல் பாலி முக்கியமானவர். 1970களின் நடுவில் இந்தோனேசியாவில் இழுவைமடி ஆய்வில் பணியாற்றியபோது, ஐரோப்பாவில் தான் படித்த மீன்வள அறிவியல் அந்தக் கடலில் செல்லுபடியாகவில்லை என்பதை அவர் கண்டார். அந்த அறிவியல் வடகடலில் பிறந்தது. 1957இல் பெவர்டனும் ஹோல்ட்டும் எழுதிய அடிப்படை நூல் அங்குள்ள தட்டை மீனையும் ஹேடாக் மீனையும் வைத்துக் கட்டப்பட்டது. மீனின் வயதை அறிந்தால் அது வளரும் வேகத்தையும் சாகும் வேகத்தையும் கணக்கிடலாம். அதிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்ற நீடித்த உச்சப் பிடிப்பை எட்டலாம். குளிர்க்கடல் மீனின் காதுக்கல்லைக் குறுக்கே வெட்டினால் மரத்தண்டில் தெரிவதைப் போன்ற ஆண்டு வளையங்கள் தெரியும். கோடையில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் வளர்வதால் வரும் தடம் அது. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் வாழும் மீனின் காதுக்கல்லில் அந்த வளையம் தெளிவாக விழுவதில்லை. வடகடலில் ஒரு மீனை நோக்கி ஒரு வலை போகும். நம் கடலில் ஒருமுறை இழுத்த மடியைக் கொட்டினால் பத்துக்கணக்கான இனங்கள் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒதுக்கீடு வகுக்க முடியாது. ஒன்றுக்கு வகுத்தாலும் அதே மடி மற்றவற்றையும் அள்ளிவிடும்.

இதற்குப் பாலி கண்ட வழி எளிமையானது. வயது தெரியாவிட்டால் நீளத்தை அளக்கலாம். சந்தைக்கு வரும் மீன்களின் நீளத்தை மாதந்தோறும் அளந்து, அந்த அளவுகள் நகரும் விதத்திலிருந்து வளர்ச்சியைக் கணக்கிடும் முறையை 1980களின் தொடக்கத்தில் மணிலாவில் பணியாற்றியபோது உருவாக்கினார். விலையுயர்ந்த கப்பலோ ஆய்வகமோ தேவையில்லை. அளவுகோலும் பொறுமையும் போதும். ஏழை நாடுகளின் ஆய்வாளர்கள் தங்கள் கடலைத் தாங்களே படிக்க இது வழி திறந்தது. 1998இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, உலகெங்கும் மீன்பிடிப்பு உணவுச் சங்கிலியின் மேற்கண்ணிகளிலிருந்து கீழ்க்கண்ணிகளுக்கு இறங்கிவருவதைக் காட்டியது. அந்த முடிவின் மீது விவாதம் நடந்தது உண்டு. பிடிபட்ட மீனைக் கொண்டு கடலில் மிஞ்சியதைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய கேள்வியும் எடைத்தட்டைத்தான் சந்தேகிக்கிறது.

உலக உணவு மற்றும் வேளாண் நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடலிலேயே வீசியெறியப்படும் மீனில் பாதிக்கு மேல் இறாலுக்கும் தரைமீனுக்கும் போடப்படும் இழுவைமடிகளிலிருந்து வருகிறது. ஆனால் உலகின் மொத்தப் பிடிப்பில் அந்த மடிகளின் பங்கு 22 சதவீதம்தான். வீசியெறிவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆசியாவில் அது குறைந்ததற்கு ஒரு பெரிய காரணம், முன்பு கடலில் கொட்டப்பட்டதைக் கரைக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கியதுதான். ராமேசுவரம், மண்டபம் கரைகளில் சங்காயம் என்று குவித்து வைக்கப்படுவது அதுதான். விரல் நீளக் காரல், நண்டுக் குஞ்சு, இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஒருவேளைக் குழம்பாகியிருக்கக்கூடிய விளைமீனின் குஞ்சு எல்லாம் காய்ந்து, பொடியாகி, கோழித் தீவனத்துக்குப் போகின்றன. எடைத்தட்டில் இவையும் மீன்தான். மொத்தக் கணக்கில் இவையும் உற்பத்திதான்.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாதது. இவ்வளவு ஆழம் குறைந்த கடலில் வெயில் தரைவரை இறங்கும். அதனால் அதன் தரையில் கடற்புல் வெளிகள் விரிந்திருக்கின்றன. மீனவர்கள் தாழை என்று சொல்லும் இவை பாசி அல்ல. வேர் விட்டு, பூத்து, விதை தரும் செடிகள். இறால் குஞ்சும், நீலக்கால் நண்டும், ஓராவும், கடற்குதிரையும் இந்தப் புல்லுக்குள்தான் வளர்கின்றன. ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கு இதுவே உணவு. ஏறத்தாழ 13 மாதம் சுமந்து ஒரு குட்டி ஈன்று, அடுத்ததற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் விலங்கு அது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். நல்ல முடிவு. ஆனால் கடற்பசுவைக் காப்பதென்றால் புல்லைக் காக்க வேண்டும். புல்லைக் காப்பதென்றால் தரையைத் தொடும் மடியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

இழுவைமடியின் வாயைத் திறந்து வைத்திருக்க இரு பக்கமும் கனமான பலகைகள் இருக்கும். படகு நகரும்போது அவை தரையை உழுதுகொண்டே போகும். மடியின் கீழ்க்கயிற்றில் கோத்த சங்கிலியும் குண்டும் சேற்றுக்குள் பதுங்கிய இறாலைக் கிளப்பும். கத்தரிக்காய் பறிக்கத் தோட்டத்தையே உழுதுபோடுவதற்குச் சமம் இது. கிளம்பும் சேறு வெயிலை மறைப்பதால், மடி நேரடியாகப் படாத புல்லும் நலியும். ஆழ்கடலில் இந்தத் தடம் பரந்த பரப்பில் சிதறும். பாக் விரிகுடாவைப் போன்ற குறுகிய கடலில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே தரையில் திரும்பத் திரும்ப மடி இழுக்கும்போது, வேர் பிடித்து எழுவதற்குப் புல்லுக்குக் கால அவகாசமே கிடைப்பதில்லை.

இந்த மடி நம் மரபில் வந்ததல்ல. 1952இல் ஒப்பந்தமாகி அடுத்த ஆண்டு கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வே திட்டம், இயந்திரப் படகு என்ற எண்ணத்தை நம் கடலோரத்துக்குக் கொண்டுவந்தது. மீனவரின் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கம். 1960களில் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்ததும் அந்த எண்ணம் இழுவைமடியாகத் திரும்பியது. தமிழ்நாட்டிலும் அரசுக் கடனும் மானியமும் விசைப்படகுகளுக்கே சென்றன. நாட்டுப்படகுகளோடு மோதல் வெடித்தது; வலைகள் அறுந்தன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையிலிருந்து முதல் 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, மற்ற 4 நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் மோதலைத் தணிக்க வந்ததுதான். கோடை இனப்பெருக்கக் காலத் தடை 2001இல் 45 நாளாகத் தொடங்கி இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக இருக்கிறது. இரட்டைமடி தடைசெய்யப்பட்டது. ஏட்டளவில் பார்த்தால் நம்மிடம் விதிகளுக்குக் குறைவில்லை. 61 நாள் ஓய்வுக்குப் பிறகு முதல் நாளே ஆயிரக்கணக்கான மடிகள் ஒன்றாக இறங்கி, அந்தக் காலத்தில் பிறந்த குஞ்சுகளையே அள்ளும்போது, அந்த ஓய்வின் பலனில் கடலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்து நீர் தேய்ந்தபோது படகுகள் எல்லைக் கோட்டைத் தாண்டின. 1983இல் மூண்ட போர் இலங்கையின் வடக்கு மீனவர்களைக் கடலிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2009க்குப் பின் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவர்கள் கடனுக்கு வலை வாங்கித் திரும்பவும் கடலில் இறங்கினார்கள். இரவில் விரித்த வலையை இழுவைமடி கிழித்துப் போனால், அந்தக் கடன் அடுத்த தலைமுறைக்கும் போகும். மறுபக்கம் இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்குத் தமிழ்நாட்டு மீனவர்கள் பலியாகியிருக்கிறார்கள், கைதாகிச் சிறையில் வாடியிருக்கிறார்கள், படகுகள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. சுடுவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. அந்தக் கோபத்துக்கு நடுவே, ஒரே மொழி பேசும் இரு கரை மீனவர்களை எதிரெதிரே நிறுத்தியதில் தேய்ந்துபோன கடலடித் தரைக்கும் பங்கு இருக்கிறது என்ற உண்மையைத் தமிழ்நாட்டு மேடைகள் சொல்லத் தயங்குகின்றன. இந்தத் தயக்கம் யாரையும் காப்பாற்றவில்லை. 2016 நவம்பரில் புதுடெல்லியில் இரு நாட்டு அமைச்சர்கள் கூடி, தரையை அரிக்கும் இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். இலங்கை 2017 ஜூலையில் தன் கடலில் அதைச் சட்டப்படி தடை செய்தது.

இந்தியா தன் பங்குக்கு 2017இல் பாக் விரிகுடா ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1,600 கோடி ரூபாய், 3 ஆண்டு, 2,000 இழுவைப் படகுகள் என்பது இலக்கு. பழைய படகை ஒப்படைத்தால் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு கட்டித்தரப்படும். 80 லட்சம் ரூபாயில் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் சொந்தப் பணம். இலக்கின் மிகச் சிறு பகுதியையே திட்டம் எட்டியது. மாலையில் போய்க் காலையில் திரும்பியவரை வாரக்கணக்கில் நடுக்கடலில் தூண்டில் போடச் சொல்வது படகை மட்டும் மாற்றுவதல்ல. அது தொழிலையே மாற்றுவது. சூரையின் போக்கு, அதன் விலை, அதைக் கெடாமல் வைக்கும் முறை எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, திட்டம் படகு உரிமையாளரோடு மட்டுமே பேசியது. படகில் பங்குக்கு ஏறும் கடல் தொழிலாளிக்கும், கரையில் மீனைப் பிரித்துக் காயவைத்து விற்கும் பெண்களுக்கும் அதில் எதுவும் இல்லை. இழுவைமடி நின்றால் முதல் நாளே வருமானம் இழப்பவர்கள் அவர்கள்தான்.

மடியை நிறுத்தினால் கடல் மீளுமா என்ற கேள்விக்கு வெப்பமண்டலத்திலிருந்தே பதில்கள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸின் சுமிலோன் தீவில் ஏஞ்சல் அல்காலா என்ற உயிரியலாளரின் முயற்சியால் 1974இல் பவளப்பாரின் கால்பங்கு மீன்பிடிக்குத் தடைசெய்யப்பட்டது. மிச்ச முக்கால் பங்கில் மீனவர்கள் வழக்கம்போலத் தொழில் செய்தார்கள். பத்தாண்டுக்குப் பின் 1984இல் உள்ளூர் அரசியல் மாறியதும் தடை உடைந்து, முழுப் பாரும் திறந்துவிடப்பட்டது. பரப்பு கூடினால் பிடிப்பும் கூட வேண்டும். இரண்டே ஆண்டுகளில் அந்தத் தீவின் மொத்தப் பிடிப்பு 54 சதவீதம் சரிந்தது. மூடிவைத்த கால்பங்கிலிருந்து மீன் வழிந்து வந்துதான் மிச்சப் பரப்பை வாழவைத்திருக்கிறது. அல்காலாவும் கேரி ரஸ்ஸும் 1990இல் வெளியிட்ட அந்த ஆய்வு, காப்பகம் மீனவனுக்கு எதிரி என்ற வாதத்துக்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான மறுப்பு. ஆய்வுக்காக யாரும் திட்டமிட்டுச் செய்யாத சோதனை என்பதால் அதன் வலு இன்னும் கூடுகிறது.

இழுவைமடியை நேரடியாகத் தடுத்த நாடுகளும் உண்டு. இந்தோனேசியா 1980இல் அதிபர் ஆணையால் ஜாவா, சுமத்ரா கடல்களில் அதை நிறுத்தியது. சிறு மீனவர்களின் போராட்டமே அதற்குக் காரணம். ஆனால் ஆண்டுகள் செல்ல, வேறு பெயர்களில் அதே வகை மடிகள் திரும்பி வந்தன. அவற்றையும் தடை செய்ய 2015இல் அமைச்சர் சூசி புஜியாஸ்துத்தி புதிதாக ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஹாங்காங் 2012 டிசம்பர் 31 முதல் தன் நீர்ப்பரப்பு முழுவதிலும் இழுவைமடியைத் தடை செய்தது. சும்மா தடை செய்யவில்லை. படகு உரிமையாளர்களுக்கு இழப்பீடும், வேலை இழக்கும் தொழிலாளர்களுக்குத் தனியே உதவித்தொகையும் ஒதுக்கிய பிறகே தடை நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தரைவாழ் உயிர்கள் மீண்டுவருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஹாங்காங்கின் செல்வம் நமக்கு இல்லை என்று சொல்லலாம். 1,600 கோடி ரூபாய் நம்மிடம் இருந்தது.

இழுவைமடி நின்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப்பார்கள் 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்தன. 2024இல் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. பல்லாண்டுகள் சுண்ணாம்புக்கும் வீட்டுக்கும் பவளக் கல் வெட்டியதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற 2 தீவுகள் நீருக்குள் போயின. வெப்பத்தை ராமேசுவரம் மட்டும் நிறுத்த முடியாது. ஆனால் சூட்டில் தளர்ந்த கடலுக்கு மீளும் வலுவைத் தருபவை அதன் புல்வெளியும், பாசி மேயும் மீன்களும், முட்டையிடும் பெரிய தாய்மீன்களும்தான். அவற்றைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

மீனவர் ஊர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் சோழமண்டலக் கரையில் களப்பணி செய்து 2001இல் வெளியிட்ட நூலில், ஊர்ப் பஞ்சாயத்துகள் தங்கள் கடலுக்குத் தாங்களே விதி வகுத்து, கேடு தரும் வலைகளைத் தடை செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஊர் விதிகள் இத்தனை டன் பிடிக்கலாம் என்று சொல்வதில்லை. எந்த வலை, எந்த இடம், எந்தக் காலம் என்றே அவை கேட்கின்றன. பல இனங்கள் கலந்து வாழும் கடலுக்கு இந்த வகைக் கேள்வியே பொருத்தமானது என்ற முடிவுக்குத்தான் வெப்பமண்டல ஆய்வாளர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

1947இல் தொடங்கி, மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நெடுங்காலம் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் ஆண்டுக் கணக்கு, இந்தியாவின் கடல்மீன் பிடிப்பு இப்போது ஏறத்தாழ 35 லட்சம் டன் என்கிறது. எடையை மட்டும் அல்ல, உழைப்பையும் நீளத்தையும் அது பதிவு செய்கிறது. வெப்பமண்டல நாடுகளில் இவ்வளவு நீண்ட பதிவு அரிது. அதன் பரிந்துரையை ஏற்றுக் கேரளம் 2015இல் 14 இனங்களுக்கும் பிறகு 58 இனங்களுக்கும் குறைந்தபட்சப் பிடிநீளத்தைச் சட்டமாக்கியது. தமிழ்நாடும் அதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு நாள் உழைப்புக்குக் கிடைக்கும் மீன், அதில் சங்காயத்தின் பங்கு, முக்கிய இனங்களின் சராசரி நீளம் ஆகியவற்றை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு அந்தந்த ஊர்களில் ஒட்ட வேண்டும். மீனவர்கள் தங்கள் கண்ணால் காண்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பாக் விரிகுடாவில் இழுவைமடி நிறுத்தப்பட வேண்டும். அதற்கு ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதியை அறிவிக்கும் ஆணையில் படகு உரிமையாளருக்கான விலையோடு, அந்தப் படகில் ஏறிய ஒவ்வொரு தொழிலாளிக்கும், சங்காயம் காயவைத்துப் பிழைத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுக்க வேண்டிய தொகையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரு கரைகளின் மீனவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து அந்தத் தேதியை முடிவு செய்ய, தமிழ்நாடு அரசு முதலில் அழைப்பு அனுப்பட்டும்.